சிடி19 பூஜ்யம், ஐஜிஜி இறங்குகிறது: அடுத்த ரிடுக்சிமாப் ஆறாவது மாதமேவா, தள்ளலாமா?

மழைக்காலம்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கம் இருக்கிறேன், வயது 38. எதிர்ப்பு சக்தி தன் நரம்பையே தாக்கும் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) நோய், ரிலாப்ஸ் என்கிற திடீர்த் தாக்குதல் வந்து வந்து போகிற வகை. 2019இல் தெரிந்தது. முதலில் வலது கண் மங்கியது, பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. 2020இலிருந்து ரிடுக்சிமாப், பி செல் என்கிற வெள்ளணுவை அழிக்கும் ட்ரிப்ஸ் மருந்து. ஆரம்பத்தில் இரண்டு வார இடைவெளியில் 1 கிராம், மறுபடி 1 கிராம். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 மி.கி. அதன் பிறகு ரிலாப்ஸ் எதுவும் இல்லை, எம்.ஆர்.ஐ.யிலும் புதுப் புள்ளி இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் ஆரம்பித்திருக்கிறது. இந்த வருடம் சைனஸ் விடவே இல்லை. ஆகஸ்டில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. கடைசி ட்ரிப்ஸ் மே மாதம், அடுத்தது நவம்பரில் வர வேண்டும். இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிடி19, அதாவது பி செல் எண்ணிக்கை, பூஜ்யம். கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியான ஐஜிஜி 540, லேப் காட்டும் கீழ் எல்லை 700.

முன்பு பார்த்த டாக்டர் 'ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது' என்பார். அவர் வெளிநாடு போய்விட்டார். இப்போது பார்க்கும் டாக்டர் பிப்ரவரி வரை தள்ளலாம் என்கிறார். இருவருமே நரம்பியல் படித்தவர்கள்தான், யாரை நம்புவது? இன்னொன்று, ஐந்தாவது மாதம் ஆனாலே எனக்குக் கால் கனக்க ஆரம்பித்துவிடும், மருந்து தீர்ந்துவிட்டது என்று உடம்பே சொல்வது போல. தை மாதம் மதுரையில் தம்பி கல்யாணம். மண்டபத்தில் காலை இழுத்துக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

அல்சூர்_மகன்

தள்ளாதீர்கள் அக்கா. தயவுசெய்து தள்ளாதீர்கள். என் அம்மாவுக்கும் இதே ரிடுக்சிமாப்தான். 2020 ஊரடங்கில் பஸ் இல்லை, படுக்கை இல்லை என்று மூன்று மாதம் தள்ளிப்போனது. இடது கண் பார்வை போய்விட்டது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பிளாஸ்மா மாற்றினார்கள், பார்வை திரும்பவில்லை. சிடி19 பூஜ்யம் என்ற காகிதத்தைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள்.

வார்டு_ரவுண்ட்

அல்சூர் தம்பி, அம்மாவுக்கு வந்தது எம்.எஸ்.தானா, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு நோயான என்.எம்.ஓ.வா? அதைக் காட்டும் அக்வாபோரின் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று சொன்னார்களா?

அல்சூர்_மகன்

ஆமாம் சார், என்.எம்.ஓ. அக்வாபோரின்-4 பாசிட்டிவ். ஆனால் மருந்து ஒன்றுதானே? அதே வார்டு, அதே நாற்காலி, அதே பாட்டில்.

வார்டு_ரவுண்ட்

நாற்காலி ஒன்றுதான், நோய் வேறு. இந்தக் கேள்வியின் பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் பொது மருத்துவர், நரம்பியல் நிபுணர் அல்ல. மழைக்காலம் அவர்களின் டோஸ் தேதியை நான் முடிவு செய்யப் போவதில்லை.

என்.எம்.ஓ.வில் ஒரு ரிலாப்ஸ் கண்ணையோ தண்டுவடத்தையோ நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போய்விடும். ஜப்பானில் நடந்த ரின்-1 ஆய்வு 2020இல் வெளிவந்தது. ரிடுக்சிமாப் பெற்ற 19 பேரில் ஒருவருக்கும் ரிலாப்ஸ் இல்லை, பெறாத 19 பேரில் 7 பேருக்கு வந்தது. அந்த நோயில் மருந்துப் பாதுகாப்பு சில வாரம் விட்டுப்போனாலே ஆபத்து. கொரியக் குழு ஒன்று அங்கே தேதியை விட்டுவிட்டு நினைவு பி செல்களை, அதாவது சிடி27 உள்ள பி செல்களை, எண்ணி அடுத்த டோஸ் கொடுத்தது. முதல் இரண்டு வருடம் அவை 0.05 சதவீதத்தைத் தாண்டினால் டோஸ், அதற்குப் பிறகு 0.1 சதவீதம் எல்லை. எவ்வளவு சின்ன அளவு பாருங்கள். மொத்த சிடி19 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே நினைவு செல்கள் எட்டிப் பார்க்கலாம். அல்சூர் தம்பி 'காகிதத்தை நம்பாதீர்கள்' என்று சொன்னது அவர் அம்மாவின் நோயைப் பொறுத்தவரை முழுக்கச் சரி.

எம்.எஸ்.இல் கதை வேறு மாதிரி. இந்த மருந்து சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்களைத்தான் அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள தாய் செல்களிலும், ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்களிலும் சிடி20 கிடையாது. மருந்து ரத்தத்திலிருந்து போனபின் மஜ்ஜை புதுப் பி செல்களை அனுப்ப ஆரம்பிக்கும். முதலில் வருபவை எதையும் கண்டிராத இளம் செல்கள். நினைவு செல்கள் திரும்ப இன்னும் வெகுநாள் ஆகும். அதனால்தான் எம்.எஸ்.இல் பி செல் எண்ணிக்கை லேசாக ஏறியதுமே ரிலாப்ஸ் வந்துவிடுவதில்லை. ஓக்ரலிசுமாப் இதன் நெருங்கிய உறவு மருந்து. அதன் இரண்டாம் கட்ட ஆய்வில் கடைசி டோஸுக்குப் பிறகு பி செல்கள் பழைய நிலைக்குத் திரும்ப நடுவாந்திரமாக 72 வாரம் ஆனது. ஆளுக்கு ஆள் 27 வாரத்திலிருந்து 175 வாரம் வரை வித்தியாசம். ஆக, ஆறு மாதம் என்பது ஆய்வுக்காக எல்லோருக்கும் பொதுவாக வைத்த தேதி. ஒவ்வொருவர் உடம்பும் சரியாக அந்தத் தேதியில் மீள்கிறது என்று அதற்குப் பொருள் கிடையாது.

கோவிட் காலத்தில் பல நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பயந்துகொண்டே ஓக்ரலிசுமாபையும் ரிடுக்சிமாபையும் தள்ளிப்போட்டார்கள். அந்தச் சில மாதத் தாமதத்தில் ரிலாப்ஸ் பெரிதாக ஏறவில்லை என்று பல மையங்களிலிருந்து அறிக்கைகள் வந்தன. பழைய டாக்டர் படித்தது 2020க்கு முந்தைய பழக்கம், புது டாக்டர் பார்ப்பது அதற்குப் பிந்தைய தகவல். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு அக்வாபோரின் ஆன்டிபாடி, எம்.எஸ். போலவே தெரியும் இன்னொரு நோயைக் காட்டும் மாக் ஆன்டிபாடி, இரண்டும் பார்த்தார்களா? கண்ணில் ஆரம்பித்தது என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

மழைக்காலம்

2019இலேயே பார்த்தார்கள் சார், இரண்டும் நெகட்டிவ். தண்டுவட நீரில் எம்.எஸ்.இல் வழக்கமாகத் தெரியும் ஆலிகோகுளோனல் பட்டைகள் இருந்தன.

அல்சூர் தம்பி, அம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது. நீங்கள் பதறி எழுதியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃப்ளோ_மேசை

பெங்களூரில் ஒரு லேபில் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதாவது மெஷினில் செல்லை வகை பிரித்து எண்ணும் வேலை, பார்க்கிறேன். சிடி19 ரிப்போர்ட் எங்கள் மேசையிலிருந்துதான் போகிறது, அதனால் இரண்டு வார்த்தை.

மருந்து ஒட்டுவது சிடி20இல். அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது சிடி20ஐ எண்ணினால் செல் இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் பக்கத்து அடையாளமான சிடி19ஐ எண்ணுகிறோம். ரிப்போர்ட்டில் இரண்டு எண் இருக்கும்: லிம்போசைட்டில் (பி செல்லும் சேர்ந்த வெள்ளணு வகை) எத்தனை சதவீதம், மைக்ரோலிட்டருக்கு எத்தனை செல். சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் பதறாதீர்கள். மொத்த லிம்போசைட் குறைந்திருந்தால் அதே செல் எண்ணிக்கை கூடுதல் சதவீதமாகத் தெரியும். 'பி செல் திரும்பிவிட்டது' என்று சொல்ல 1 சதவீதம் அல்லது மைக்ரோலிட்டருக்கு 10 செல் என்ற எல்லையைப் பல ஆய்வுகளில் வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆளுக்கு நூறிலிருந்து சில நூறு வரை இருக்கும், அதோடு ஒப்பிட்டால் பத்து என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் சாதாரண லேபில் போடும் பேனலில் பத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே துல்லியமாகப் பிரிப்பது கஷ்டம். சிடி27 நினைவு செல்லை 0.05 சதவீத அளவில் எண்ண வேண்டுமானால் அதற்கென்று தனியாகப் பல லட்சம் செல்லை ஓட்ட வேண்டும். சீட்டில் 'சிடி19' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது.

ஸ்டீராய்டு மூன்று நாள் போட்ட கையோடு வந்து ரத்தம் கொடுத்தாலும் எண் குழம்பும்.

பழைய_சைக்கிள்

எனக்கு 57 வயது. எம்.எஸ். வந்து வெகுநாள் ஆயிற்று, இப்போது இரண்டாம் கட்டமாக மெதுவாக இறங்கும் வகை. ஜெயநகரில் வாக்கரோடு நடக்கிறேன். எனக்கு ரிடுக்சிமாபை வருடத்துக்கு ஒன்றாக்கி, பிறகு நிறுத்தியே விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. மருந்துக் கம்பெனிக்கு ஆறு மாதம் லாபம், நமக்கு ஆறு மாதம் பயம். அவ்வளவுதான் இந்தக் கணக்கு.

வார்டு_ரவுண்ட்

சைக்கிள் சார், உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் மகிழ்ச்சி. ஆனால் 57க்கும் 38க்கும் ஒரே கணக்கு போடாதீர்கள். வயது ஏற ஏற ரிலாப்ஸ் குறையும், கிருமித்தொற்று ஆபத்து ஏறும். தராசு மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும். அந்த வயதிலும் நிறுத்துவது முழுக்க இலவசம் கிடையாது. 2023இல் லான்செட் நியூராலஜியில் வந்த டிஸ்கோம்ஸ் ஆய்வில் 55 வயதைத் தாண்டி, பல வருடம் ரிலாப்ஸ் இல்லாதவர்களைத்தான் எடுத்தார்கள். மருந்தைத் தொடர்ந்த 128 பேரில் 6 பேருக்கும், நிறுத்திய 131 பேரில் 16 பேருக்கும் ரிலாப்ஸோ எம்.ஆர்.ஐ.யில் புதுப் புள்ளியோ வந்தது. பெரும்பாலும் புள்ளிகள்தான். அவர்களில் அநேகர் நம் மருந்து போட்டவர்களும் அல்ல.

கம்பெனி லாபம் பற்றி: இந்தியாவில் ரிடுக்சிமாப் இவ்வளவு பரவியதற்குக் காரணமே விலை. ஹைதராபாத்தில் டாக்டர் ரெட்டிஸ் 2007இல் ரெடிடக்ஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தபின்தான் இது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. எம்.எஸ்.க்கு இந்த மருந்துக்கு முறையான அனுமதி இல்லாமலேயே உலகம் முழுக்க, முக்கியமாக ஸ்வீடனில், பழக்கத்தில் இருக்கிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. இதை வைத்துச் சதி தேட வேண்டாம்.

இயற்கைவழி

ஐஜிஜி குறைந்தால் அதை ஏற்ற வழி பார்க்க வேண்டியதுதானே? தினமும் காலையில் வெறும் வயிற்றில் சீந்தில் சாறு, வாரம் இரண்டு நாள் நிலவேம்புக் குடிநீர். எதிர்ப்பு சக்தி தானாக ஏறும். எங்கள் வீட்டில் கொரோனாவே எட்டிப் பார்க்கவில்லை.

ஒயிட்ஃபீல்ட்_ராஜி

அண்ணா, எம்.எஸ்.காரருக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கிறது என்பதா பிரச்சினை? அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதுதானே நோயே!

வார்டு_ரவுண்ட்

ராஜி சொன்னது போதும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கோவிட் சமயத்தில் சீந்தில் குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பையிலிருந்து கட்டுரை வந்தது. அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே தன்னுடல் தாக்கு நோய் இருந்தது. ரிடுக்சிமாப் போடுகிறவர்களுக்கு ஈரல் ஏற்கெனவே கவனிக்க வேண்டிய இடம். ஹெபடைடிஸ் பி பழைய தொற்று உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். முதல் டோஸுக்கு முன்னால் அதற்கான இரண்டு பரிசோதனையும் பார்த்திருக்க வேண்டும். அதற்காக மாத்திரை எடுப்பவர்கள், டோஸை நிறுத்தினாலும் தள்ளினாலும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கடைசி ட்ரிப்ஸுக்குப் பிறகும் குறைந்தது ஒரு வருடம் ஓட வேண்டும்.

நெறியாளர்

மூன்று பதிவுகளிலிருந்து ஆஸ்பத்திரிப் பெயரையும் டாக்டர் பெயரையும் எடுத்திருக்கிறேன். சீந்தில் விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியாயிற்று, அங்கே சண்டை போடுங்கள்.

மழைக்காலம்

வார்டு சார், எனக்குப் புரியாதது இதுதான். சிடி19 பூஜ்யம் என்றால் மருந்து இன்னும் வேலை செய்கிறது. அப்படியானால் ஐந்தாவது மாதம் என் கால் ஏன் கனக்கிறது? அப்புறம், மூன்று மாதம் தள்ளினால் ஐஜிஜி 700க்கு ஏறிவிடுமா?

வார்டு_ரவுண்ட்

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஏறாது. ஏறும் என்று எதிர்பார்த்து ஜனவரியில் பரிசோதனை செய்து ஏமாறாதீர்கள்.

ஐஜிஜியைச் சுரப்பது பிளாஸ்மா செல்கள். அவற்றுக்கு சிடி20 இல்லாததால் மருந்து அவற்றை நேரடியாகத் தொடுவதில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் ஐஜிஜி அப்படியே நிற்பது அதனால்தான். ஆனால் பழைய பிளாஸ்மா செல்கள் சாகச் சாக, அந்த இடத்துக்குப் புதிதாக வர வேண்டியவை பி செல்களிலிருந்துதான் வர வேண்டும். அந்த வரத்து வருடக்கணக்கில் அடைபட்டிருக்கிறது. கிணற்றில் ஊற்றை அடைத்துவிட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் மட்டம் இறங்கும் அல்லவா, அதுதான் நடக்கிறது. ஊற்றைத் திறந்துவிட்டாலும் மறுநாளே நிறைந்துவிடாது. பி செல் திரும்ப வேண்டும், முதிர வேண்டும், பிளாஸ்மா செல்லாக மாற வேண்டும். சிலருக்கு வருடம் தாண்டியும் ஏறுவதில்லை. டாக்டர் இப்போது தள்ளச் சொல்வது மட்டம் மேலும் இறங்காமல் பிடித்து நிறுத்தத்தான்.

ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டு தனித்தனிக் கணக்கு. சிடி19 சொல்வது எம்.எஸ். பக்கம் மருந்து இன்னும் பிடித்து வைத்திருக்கிறதா என்பதை. ஐஜிஜியும், வருடத்தில் எத்தனை தொற்று வந்தது என்பதும் சொல்வது இன்னொரு பக்கம் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைத் தீர்மானிக்க முடியாது. 540 என்ற எண் மட்டும் இருந்து தொற்றே இல்லாமலிருந்தால் பல டாக்டர்கள் பேசாமல் கவனித்துக்கொண்டு இருப்பார்கள். நிமோனியாவுக்குப் படுத்ததுதான் கணக்கை மாற்றுகிறது. 2020இல் ஸ்வீடனில் வந்த ஆய்வில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கான தொற்று, ஆயிரம் நோயாளி-வருடத்துக்கு இன்டர்ஃபெரான் வகை ஊசிகளில் 8.9, ரிடுக்சிமாபில் 19.7. பயமுறுத்தும் எண் அல்ல, ஆனால் அலட்சியம் செய்யவும் முடியாது. ஐஜிஜி 400க்குக் கீழே போய், தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின் ஏற்றுவது பற்றிப் பேச்சு வரும். அதன் விலை கேட்டால் ரிடுக்சிமாபே மலிவு என்று தோன்றும்.

இனி கால் கனம். டோஸுக்கு முந்தைய மாதம் சோர்வு, கனம், மறதி என்று பலர் சொல்கிறார்கள். அது கற்பனை இல்லை. ஆனால் அந்த உணர்வுக்கும் பி செல் எண்ணிக்கைக்கும் தொடர்பு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை. ட்ரிப்ஸுக்கு முன்னால் போடும் மீத்தைல் பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டே சில நாளுக்கு உடம்பைத் தூக்கிவிடும், அதை மருந்தின் மகிமை என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. உங்களுக்கு நிமோனியா வேறு வந்து போயிருக்கிறது. சிறுநீர்த் தொற்று, தைராய்டு, பி12, தூக்கம் இவற்றைப் பார்த்துவிடுங்கள். சிறுநீர்த் தொற்று சத்தமில்லாமல் இருந்துகொண்டு பழைய ரிலாப்ஸ் அறிகுறிகளை அப்படியே கிளப்பிவிடும். புதிதாக ஒரு அறிகுறி வந்து ஒரு நாளுக்கு மேல் நின்றால் அப்போது டாக்டருக்குப் போன் போடுங்கள்.

ஒயிட்ஃபீல்ட்_ராஜி

என் கேள்வியையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு இது தலைகீழ். ஃபிங்கோலிமோட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதிலும் ரிலாப்ஸ் வந்ததால் ரிடுக்சிமாபுக்கு மாற்றுகிறார்கள். லிம்போசைட் 400தான் இருக்கிறது. ஏறும்வரை காத்திருந்தால் அதற்குள் ரிலாப்ஸ் வந்துவிடுமோ என்று பயம். உடனே போட்டால் ஏற்கெனவே குறைந்த எதிர்ப்பு இன்னும் குறையுமே என்று இன்னொரு பயம்.

வார்டு_ரவுண்ட்

ராஜி, உங்கள் விஷயத்தில் காத்திருப்பதுதான் ஆபத்தான பக்கம். ஃபிங்கோலிமோட் லிம்போசைட்டைக் கொல்வதில்லை, நிணநீர்க் கணுக்களுக்குள் அடைத்து வைக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாம் வெளியே வரும். சிலருக்கு மொத்தமாக வந்து, நோய் முன்னைவிடப் பலமாகத் திரும்பும். அதே சமயம் நிறுத்திய மறுநாளே ட்ரிப்ஸ் ஏற்றினால் கணுவுக்குள் ஒளிந்திருக்கும் பி செல் மருந்து கையில் சிக்காமல் தப்பிவிடலாம் என்றும் ஒரு வாதம் உண்டு. அதனால் பலர் ஒரு மாதம் அளவில் இடைவெளி வைக்கிறார்கள். எண்ணிக்கை முழுக்கச் சாதாரணமாகட்டும் என்று நிற்பதில்லை. இந்தத் தேதியை உங்கள் டாக்டரோடு இந்த வாரமே பேசுங்கள். 'அடுத்த அப்பாயின்ட்மென்டில் கேட்கலாம்' என்று விடாதீர்கள்.

மழைக்காலத்துக்குச் சொன்ன 'தள்ளலாம்' உங்களுக்குப் பொருந்தாது. ஒரே இழையில் இருப்பதால் திரும்பவும் சொல்கிறேன்.

பனசங்கரி_புதுசு

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். ரிடுக்சிமாப் போட்டு எவ்வளவு நாள் கழித்து?

வார்டு_ரவுண்ட்

காகிதத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இருக்கும். நடைமுறையில் பல நரம்பியல் டாக்டர்கள் டோஸ் போட்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே முயற்சிக்கச் சொல்கிறார்கள். தாயின் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள், இந்த மருந்தும் அந்த வகைதான், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பெரிய அளவில் போவது கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகுதான். அதற்குள் மருந்து பெரும்பாலும் கழிந்திருக்கும், ஆனால் பி செல் திரும்பியிருக்காது. நோயும் அடங்கியிருக்கும், குழந்தைக்கும் மருந்து அதிகம் போகாது. எம்.எஸ்.காரப் பெண்களுக்கு இந்த மருந்தில் கிடைக்கும் நல்ல வசதி இது. மகப்பேறு டாக்டரும் நரம்பியல் டாக்டரும் ஒரே நாளில் போனில் பேசிக்கொள்ள வையுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டால் இரண்டு தேதி கிடைக்கும்.

அல்சூர்_மகன்

நான் முதலில் எழுதியது எம்.எஸ்.காரருக்குப் பொருந்தாது என்று புரிகிறது சார். ஒன்று கேட்கிறேன், தடுப்பூசி? அம்மாவுக்கு ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசி போடச் சொல்கிறார்கள். எப்போது போடுவது?

வார்டு_ரவுண்ட்

உயிருள்ள கிருமி வகை ஊசிகள் மருந்து ஓடும் காலத்தில் வேண்டாம். மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து, மஞ்சள் காய்ச்சல், அம்மை வகை எல்லாம் அதில் சேரும். ஷிங்கிள்ஸுக்கான ஷிங்ரிக்ஸ் ஊசி உயிரற்றது, போடலாம். 2023இலிருந்து இந்தியாவில் கிடைக்கிறது. உயிரற்ற ஊசிகளுக்கு நல்ல நேரம் கடைசி ட்ரிப்ஸ் முடிந்து மூன்று மாதமாவது கழித்து, அடுத்த ட்ரிப்ஸுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்னால். சிடி19 பூஜ்யமாக இருக்கும்போது போட்டால் ஆன்டிபாடி சரியாக உருவாகாது, ஆனால் டி செல்கள் என்கிற இன்னொரு வகை வெள்ளணுக்கள் கற்றுக்கொள்ளும். கோவிட் ஊசியில் இதைப் பார்த்தோம். ஊசிக்காக அம்மாவின் டோஸைத் தள்ள வேண்டாம், டோஸ் தேதியைச் சுற்றி ஊசியை வையுங்கள். மழைக்காலத்துக்கு அப்படி இல்லை, அவருக்கு எப்படியும் பிப்ரவரி வரை ஜன்னல் திறந்திருக்கிறது. ஃப்ளூ ஊசியையும் நிமோனியா ஊசியையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடித்துவிடலாம்.

ஃப்ளோ_மேசை

காய்ச்சல் பற்றியும் ஒன்று. ரிடுக்சிமாப் போட்டு ஒன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் சிலருக்கு நியூட்ரோஃபில் என்கிற, கிருமியை எதிர்க்கும் வெள்ளணு திடீரென்று விழும். பெங்களூரில் மழைக்காலத்தில் காய்ச்சல் என்றாலே டெங்குதான். டெங்குவிலும் வெள்ளணு குறையும், அதனால் எல்லோர் கண்ணும் பிளேட்லெட்டிலேயே இருக்கும். பிளேட்லெட் ஒன்றரை லட்சம், பயமில்லை, போய் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அதே காகிதத்தில் நியூட்ரோஃபில் 300 என்று எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. சீட்டு கொடுக்கும்போதே 'ரிடுக்சிமாப் போடுகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, டெங்குவுக்கு ஐஜிஎம் ஆன்டிபாடி பார்த்து நெகட்டிவ் வந்தால் உங்களுக்கு அதை நம்ப முடியாது, ஆன்டிபாடி செய்யும் கூட்டமே குறைவாக இருக்கிறதே. கிருமியையே நேராகத் தேடும் என்எஸ்1 ஆன்டிஜென் அல்லது பி.சி.ஆர். கேளுங்கள்.

பழைய_சைக்கிள்

இது எனக்கே தெரியாது. நன்றி.

ஒயிட்ஃபீல்ட்_ராஜி

தேதி மாறினால் இன்ஷூரன்ஸ் கவனம். என் தோழிக்கு ஒருமுறை இடைவெளி மாறியதும் 'சிகிச்சை முடிந்துவிட்டதா' என்று கேட்டு முன் அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன், நெறியாளர் வெட்டிவிடுவார். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2019 வழிகாட்டுதலில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி (ரிடுக்சிமாப் இந்த வகைதான்) நவீன சிகிச்சைப் பட்டியலில் இருந்தது, உச்சவரம்பு வைக்கலாமே தவிர ஒரேயடியாக விலக்க முடியாது என்று சொன்னார்கள். டாக்டரிடம் 'பி செல் எண்ணிக்கையும் ஐஜிஜியும் பார்த்து இடைவெளி நீட்டப்பட்டது, சிகிச்சை தொடர்கிறது' என்று இரண்டு வரி வாங்கி வையுங்கள் அக்கா.

மழைக்காலம்

நேற்று டாக்டரைப் பார்த்தேன். இந்த இழையிலிருந்து குறித்துக்கொண்டு போன கேள்விகளைப் பார்த்துவிட்டு 'யார் உங்களுக்கு டியூஷன் எடுத்தது' என்று சிரித்தார்.

நவம்பர் டோஸ் இல்லை. நவம்பரிலிருந்து மாதம் ஒருமுறை சிடி19. 10ஐத் தாண்டினால் உடனே டோஸ் என்று இல்லை, தாண்டினால் எம்.ஆர்.ஐ.யை முன்னால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு. தாண்டாவிட்டால் ஜனவரி கடைசியில் எம்.ஆர்.ஐ., பிப்ரவரியில் 500 மி.கி. ஐஜிஜியை அதற்கு முன்னால் மறுபடி பார்ப்பார். அப்போதும் இறங்கிக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு ஒன்றாக மாற்றுவதா, வேறு வகை மருந்துக்குப் போவதா என்று பேசுவோம். ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் ஸ்வீடனில் ரிடோஸ் என்ற பெயரில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருந்தது! ஒரு வார ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார், கால் கனம் அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். ஃப்ளூ ஊசி அங்கேயே போட்டாயிற்று. கல்யாணத்துக்குப் போகலாம், முகூர்த்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டு, இருமுகிற சித்தப்பா பக்கத்தில் உட்காராமல் வரச் சொன்னார்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஃப்ளோ மேசை அண்ணா, ஆபீஸ் இருப்பதால் எனக்குச் சனிக்கிழமைதான் முடியும். சிடி19க்கு அன்று ரத்தம் கொடுத்தால் பரவாயில்லையா?

ஃப்ளோ_மேசை

சனி வேண்டாம் தங்கச்சி. இந்த ரத்தத்தில் செல் உயிரோடு இருக்க வேண்டும், ஒன்றிரண்டு நாளுக்குள் மெஷினில் ஓட்டிவிட வேண்டும். உங்கள் பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டர் பல பரிசோதனைகளை வேறு ஊர் மைய லேபுக்கு அனுப்பும். சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு பெட்டியிலேயே கிடக்க வாய்ப்பு உண்டு. செவ்வாய் அல்லது புதன் காலை ஆபீஸ் போகும் வழியில் கொடுங்கள், பட்டினி இருக்கத் தேவையில்லை. ஊதா மூடி குழாய், ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று அங்கிருக்கும் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதே நாளில் சி.பி.சி. என்கிற முழு ரத்த எண்ணிக்கையும் சேர்த்து எடுங்கள், செல் எண்ணிக்கையைக் கணக்கிட அது வேண்டும். எல்லா மாதமும் ஒரே லேபில் கொடுங்கள்.